தலையும் உடலும்: கிருஷ்ணைப் பள்ளத்தாக்கின் தாய்த்தெய்வ வழிபாடும் தலங்களும்

முன்னுரை

தாய்த்தெய்வ வழிபாடு குறித்த ஆய்வுகள் பலவும் இரண்டு கருத்துகளைத் தொடக்கத்திலேயே முடிந்த முடிபாகக் கொண்டு புறப்படுகின்றன. பழங்காலப் பெண்ணுருவம் எங்குக் கிடைப்பினும் அது தாய்த்தெய்வமே என்பது ஒன்று. அத்தெய்வம் எக்காலத்தும் எவ்விடத்தும் வளமை என்னும் ஒரு பொருளையே குறித்தது என்பது மற்றொன்று. மத்தியதரைக் கடல் தீவுகளான மால்ட்டா, கிரீட், சைப்ரசு ஆகியவற்றில் கிடைத்த உருவங்களைக் கொண்டு இக்கருத்துகள் வலுப்பெற்றன. பின்னர் அவை இந்தியச் சான்றுகளின் மீதும் ஏற்றிக் காணப்பட்டன.

இந்நிலையில் ஐதராபாத்திற்குத் தெற்கே கிருஷ்ணை, துங்கபத்திரை ஆறுகளின் கரைகளில் கிடைத்துள்ள சான்றுகள் தனிக் கவனத்திற்குரியவை. இங்கு உருவமும் உண்டு; அதனைச் செய்வித்தவரின் சொல்லும் கல்வெட்டாக உண்டு; இன்றளவும் தொடரும் வழிபாடும் உண்டு. இம்மூன்றும் ஒருங்கே அமைந்த இடங்கள் உலகில் மிகச் சில. இச்சான்றுகளை முறைப்படுத்தி நோக்கி, தமிழக மரபோடு ஒப்பிட்டு, வழிபட்டோரின் நோக்கத்தை எவ்வளவு அறியமுடிகிறது எனக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். வாழும் வழிபாட்டில் தொடங்கிக் காலத்தால் பின்னோக்கிச் செல்லும் முறை இங்குக் கைக்கொள்ளப்படுகிறது.

1. ஐதராபாத்தில் அம்மன் வழிபாடு

ஐதராபாத், சிக்கந்தராபாத் ஆகிய இரட்டை நகரங்களில் தெலுங்கு ஆஷாட மாதத்தில் நடைபெறும் போனாலு, தெலங்கானாவின் பெருவிழாவாகும். தனி மாநிலம் அமைந்த 2014ஆம் ஆண்டில் இது அரசு விழாவாக அறிவிக்கப்பட்டது. கோல்கொண்டாக் கோட்டையிலுள்ள செகதாம்பிகை கோயிலில் தொடங்கும் விழா, சிக்கந்தராபாத் உச்சயினி மகாகாளி கோயிலிலும், பின்னர்ப் பழைய நகரத்து லால் தர்வாசா சிம்மவாகினி கோயிலிலும் அடுத்தடுத்த வாரங்களில் நிகழ்கிறது. போனம் என்னும் சொல் போசனம் என்பதன் திரிபாகும். அரிசியைப் பாலும் வெல்லமும் கூட்டிச் சமைத்த புதுப்பானைக்கு மஞ்சளும் குங்குமமும் இட்டு, வேப்பிலை சூட்டி, மேலே விளக்கேற்றிப் பெண்கள் தலையில் சுமந்து வருவர். அம்மனின் உடன்பிறந்தானாகக் கருதப்படும் போத்தராசு வேடம் பூண்டவர் முன்னே ஆடிச் செல்வார். உச்சயினி மகாகாளி கோயிலில் விழாவின் மறுநாள் ரங்கம் என்னும் குறிசொல்லும் நிகழ்ச்சி நடைபெறும். அருள்வந்த பெண்ணொருவர் பச்சை மண்பானையின் மீது நின்று வரும் ஆண்டின் நன்மை தீமைகளைக் கூறுவார்.

1813இல் பரவிய காலராவோடு மகாகாளி கோயிலின் வரலாறு இணைக்கப்படுகிறது. அப்போது உச்சயினியில் படைப்பிரிவொன்றில் பணியாற்றிய சுரிட்டி அப்பையா என்பவர், நோய் நீங்கினால் தம் ஊரில் காளிக்குக் கோயில் எடுப்பதாக வேண்டிக்கொண்டு, 1815இல் சிக்கந்தராபாத்தில் அம்மன் உருவத்தை நிறுவினார் என்பது தல வழக்கு. இவ்வழிபாட்டின் பிறப்பு, மக்களின் உயிரச்சத்தோடு தொடர்புடையது என்பது நோக்கத்தக்கது. பிள்ளைப்பேறோ விளைச்சலோ இதற்குக் காரணமாகக் கூறப்படவில்லை.

இதே நகரிலுள்ள பல்கம்பேட்டை எல்லம்மா கோயில் வேறொரு வகையில் சிறப்புடையது. அங்கு அம்மனின் திருவுருவம் தரைமட்டத்திற்குக் கீழே, கிணற்றிருப்பிடத்தில் அமைந்துள்ளது. வழிபடுவோர் குனிந்து கீழ்நோக்கியே அம்மனைக் காண்கின்றனர். எல்லம்மாவே இரேணுகை எனப்படுபவள். சமதக்கினியின் ஆணையால் பரசுராமன் தாயின் தலையை வெட்டிய கதையைத் தெலங்கானா ஊர்ப்புறங்களில் பைண்ட்ல மரபினர் சமிடிக என்னும் ஒற்றை நரம்புத் தோற்கருவியை இசைத்து இரவு முழுதும் பாடுவர். தலை வேறு உடல் வேறாகிப் பின் தெய்வமான பெண் என்னும் இக்கருத்தே நம்மை ஆலம்பூருக்கு அழைத்துச் செல்கிறது.

2. ஆலம்பூர்: தலைக்குப் பதில் தாமரை

ஆலம்பூர் துங்கபத்திரையின் மேற்குக் கரையில், அவ்வாறு கிருஷ்ணையோடு கூடும் இடத்திற்கு அணித்தே உள்ளது. ஐதராபாத்திலிருந்து ஏறத்தாழ 200 கி.மீ. தெற்கே அமைந்த இவ்வூர், 2016இல் உருவான சோகுலாம்பா கத்வால் மாவட்டத்தைச் சேர்ந்தது. பாதாமிச் சாளுக்கியர் காலத்தில், கி.பி. 7, 8ஆம் நூற்றாண்டுகளில் எழுந்த நவப்பிரம்மக் கோயில்கள் இங்குள்ளன. பெயரால் பிரம்மா கோயில்களாயினும் இவை சிவன் கோயில்களே. பதினெட்டுச் சக்தி பீடங்களுள் ஒன்றாகக் கருதப்படும் சோகுலாம்பா கோயிலும் இங்குள்ளது. சதிதேவியின் மேற்பல் வரிசை விழுந்த இடம் இது என்பர்.

ஆலம்பூரில் கிடைத்த சிற்பங்களுள் குறிப்பிடத்தக்கது லஜ்ஜா கௌரி என இன்று வழங்கப்படும் பெண்ணுருவமாகும். ஆடையின்றி, இரு கால்களையும் மடக்கி விரித்து, பிள்ளை பெறும் நிலையில் அமைந்தது அது. தோளுக்கு மேல் மனிதத் தலை இல்லை. மலர்ந்த தாமரையே உள்ளது. இவ்வகை உருவங்கள் தக்காணத்தில், குறிப்பாகத் தெலங்கானா, ஆந்திரம், கருநாடகம், மகாராட்டிரம் ஆகிய பகுதிகளில் மிகுதியாகக் கிடைத்துள்ளன. இவற்றை அதிதி உத்தானபாதையோடு பொருத்தி 1956இல் தெல்லா கிராம்ரிஷ் ஆராய்ந்தார். மராத்தி அறிஞர் ரா.சி. தேரே 1978இல் தனிநூல் எழுதினார். 1992இல் கரோல் ராட்கிளிஃப் போலன் இவ்வுருவங்களை நான்கு வகையாகப் பகுத்தார். கழுத்தில் தாமரை கொண்ட நிறைகுடமாகிய உருவம் ஒரு முனையிலும், மனிதத் தலையுடன் கூடிய முழுப் பெண்ணுருவம் மறுமுனையிலும் அப்பகுப்பில் அமைகின்றன. குடமே உடலாக, மலரே தலையாக எண்ணப்பட்டமை இதனால் புலனாகிறது.

எனவே இவ்வுருவம் தலை வெட்டப்பட்டதன்று. தொடக்கத்திலேயே தாமரைத் தலையோடு வடிக்கப்பட்டது. ஆனால் ஆலம்பூர் மக்கள் வழக்கு இதனை வேறுவகையாக விளக்குகிறது. பரசுராமன் வெட்டிய இரேணுகையின் தலை சேரிப்பகுதியில் எல்லம்மாவாக வழிபடப்பட்டது என்றும், எஞ்சிய உடலே இத்தெய்வம் என்றும் அது கூறும். பிள்ளைப்பேறு வேண்டிய பெண்கள் இவ்வுடலை வழிபட்டு வந்தனர். உருவத்தின் பழம்பொருள் மறைந்தபின், மக்கள் தமக்குத் தெரிந்த கதையால் அதற்குப் புதுப்பொருள் கண்டனர் எனலாம். லஜ்ஜா கௌரி, அதாவது நாணமுற்ற கௌரி என்னும் பெயரும் இவ்வாறு பின்னெழுந்ததே. உருவத்தில் நாணத்தின் குறி ஏதும் இல்லை; பெயரிட்டவரின் நாணமே அதில் வெளிப்படுகிறது.

3. விசயபுரிக் கல்வெட்டு: அரசியின் சொல்

ஆலம்பூர்ச் சிற்பம் பேசாத ஒன்றை, அதனினும் முந்திய சிற்பம் ஒன்று பேசுகிறது. கிருஷ்ணையின் கரையில் நாகார்ச்சுனகொண்டா என இன்று அறியப்படும் இடம், கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டுகளில் இக்குவாகு மன்னரின் தலைநகரான விசயபுரியாகும். இம்மன்னர் வேத வேள்விகள் இயற்றினர். அரச குலப் பெண்டிரோ பௌத்தப் பள்ளிகளுக்கு வாரி வழங்கினர். முதல் மன்னன் சாந்தமூலனின் உடன்பிறந்தாளான சாந்திசிறி மகாசைத்தியத் திருப்பணியில் பெரும்பங்கு கொண்டவள். வீரபுருடதத்தனின் 14ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த போதிசிறியின் கல்வெட்டு, தாம்பபண்ணியாகிய இலங்கைத் துறவியரோடு தொடர்புடையது. அதில் சிதைந்துள்ள நாட்டுப் பெயர்ப் பட்டியலில் தமிழகத்தைக் குறிக்கும் பெயரும் இருப்பதாக அறிஞர் படித்துள்ளனர். தமிழ் நிலத்தோடு தொடர்பற்ற தனித்தீவாக விசயபுரி இருக்கவில்லை என்பதற்கு இது சான்றாகும்.

இவ்விடத்தில் கிடைத்த ஒரு பெண்ணுருவம் இடைக்கு மேல் உடைந்துபோனது. கால்களை மடக்கி விரித்த கீழ்ப்பகுதி மட்டுமே எஞ்சியுள்ளது. ஆயினும் அதிலுள்ள பிராகிருதக் கல்வெட்டு அதனை ஒப்பற்ற சான்றாக்குகிறது. மன்னன் ஏகுவல சாந்தமூலனின் தேவியான கந்துவுலா என்னும் மாதேவி இவ்வுருவத்தைச் செய்வித்தாள் என அது கூறுகிறது. அவளுக்கு இரண்டு அடைமொழிகள் தரப்பட்டுள்ளன. ஒன்று அவிதவா, கணவனை இழவாதவள். மற்றொன்று சீவபுத்திரா, உயிரோடிருக்கும் பிள்ளையை உடையவள்.

இவ்விரு சொற்களும் ஆழ்ந்து நோக்கத்தக்கவை. இவ்வகை உருவம் பிள்ளையில்லாப் பெண்டிர் பிள்ளை வேண்டி வழிபட்டது என்பதே பரவலான கருத்து. ஆனால் இதனைச் செய்வித்தவள் மலடியல்லள், தாய். அவள் பிள்ளை பிறந்தது என்று மட்டும் கூறவில்லை. பிள்ளை உயிரோடிருக்கிறது என்கிறாள். பிறந்த குழந்தைகள் பலவும் பிழைத்திராத காலத்தில், உயிர் வாழும் பிள்ளையை உடைமை என்பது அரசிக்கும் தனிப்பேறாகவே இருந்திருக்கும். கணவன் உயிரும் போரால் எந்நேரமும் இழக்கப்படத் தக்கது. ஆகவே, இவ்வுருவம் நன்றிக் காணிக்கையாகவோ பெற்றதைக் காக்கவேண்டும் என்னும் வேண்டுதலாகவோ அமைந்திருத்தல் கூடும். எவ்வாறாயினும், வளமை என்னும் பொதுச்சொல் இப்பெண்ணின் நோக்கத்தை முழுதும் உணர்த்துவதாக இல்லை.

இம்முடிவிற்கு விசயபுரியிலேயே துணைச்சான்று உண்டு. அங்கு அகழ்ந்தெடுக்கப்பட்டவற்றுள் ஆரிதிக்குரிய கோயிலும் ஒன்று. பௌத்தக் கதைகளின்படி ஆரிதி குழந்தைகளைக் கொன்று தின்ற இயக்கி. புத்தரால் திருந்திக் குழந்தைகளின் காவல் தெய்வமானவள். பிள்ளையைத் தருபவள் என்பதோடு, பிள்ளையின் உயிரைப் பறிக்கவும் காக்கவும் வல்லவள் என்பதால் வழிபடப்பட்ட தெய்வம் அவள். காலராவிற்கு அஞ்சிக் காளியை நாடிய சிக்கந்தராபாத் வழக்கோடு இதனை ஒப்பிட்டால், பதினைந்து நூற்றாண்டு இடைவெளியிலும் அச்சத்தின் தன்மை ஒன்றாக இருப்பது தெளிவாகும். வழிபாடு அறுபடாமல் தொடர்ந்தது என்பதற்கு இது சான்றாகாது. வழிபாட்டைத் தோற்றுவிக்கும் தேவை மாறவில்லை என்பதற்கே சான்றாகும்.

4. மத்தியதரைத் தீவுகள்: ஓர் ஒப்பு

மால்ட்டாவிலும் அதனை அடுத்த கோசோத் தீவிலும் ஏறத்தாழ கி.மு. 3600 முதல் 2500 வரை பெருங்கற்களால் கோயில்கள் கட்டப்பட்டன. கந்தியா, அசார் கீம், முனைத்ரா, தார்சியன் முதலியன அவற்றுள் சிறந்தவை. 1915 முதல் 1919 வரை தெமிசுட்டோகிளிசு சமித் தார்சியனை அகழ்ந்தார். பாவாடை போன்ற உடையும் பருத்த கால்களும் கொண்ட மாபெரும் கல்லுருவம் ஒன்று அங்குக் கிடைத்தது. விசயபுரி உருவத்தைப் போலவே அதிலும் இடைக்குக் கீழ்ப்பகுதி மட்டுமே எஞ்சியுள்ளது. அசார் கீமில் கிடைத்த சில உருவங்களில் தலையைத் தனியே செய்து பொருத்துவதற்கான குழி கழுத்தில் உள்ளது.

இவ்வுருவங்களை முதற்பெருந்தாயின் வடிவங்களாகக் கொண்டு, பெண்ணைத் தலைமையாகக் கொண்ட அமைதியான பழஞ்சமுதாயம் ஒன்றை மரியா கிம்புட்டாசு உருவகித்தார். 1989இல் வெளிவந்த அவருடைய நூல் உலகெங்கும் பெருஞ்செல்வாக்குப் பெற்றது. ஆயினும் எகிப்து, கிரீட் ஆகிய இடங்களின் உருவங்களை ஆராய்ந்த பீட்டர் அக்கோ, இவை யாவும் தெய்வங்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என 1968லேயே காட்டியிருந்தார். மால்ட்டா உருவங்கள் பலவற்றில் ஆணா பெண்ணா என்பதே தெளிவாக இல்லை. அக்கோயில்களைக் கட்டியோர் எழுத்தை விட்டுச் செல்லவில்லை. அவர்களுடைய வழிபாட்டைத் தொடர்வோரும் இலர். ஆகவே அங்கு ஆய்வாளரின் கற்பனைக்கு இடம் மிகுதி.

சைப்ரசு நிலை சற்று வேறானது. பழைய பாபோசு நகரில் ஏறத்தாழ கி.மு. 1200 முதல் வழிபடப்பட்ட அப்ரோதித்தி, பெண்ணுருவாக அமையாமல் கூம்பு வடிவக் கல்லாகவே போற்றப்பட்டாள். தெய்வத்தை மனித வடிவில் காட்ட அறிந்திருந்தும் கல்லையே மக்கள் விரும்பினர். தக்காணத்தில் குடம் தெய்வமானமையை விளங்கிக்கொள்ள இவ்வொப்புமை உதவும். ஆனால் ஒப்புமையைக் கொண்டு ஓரிடத்து வழிபாடு மற்றோரிடத்திலிருந்து வந்தது எனல் பொருந்தாது.

5. தமிழக மரபில் தலையும் குடமும்

சங்க நூல்கள் கொற்றவை, பழையோள் எனத் தாய்த்தெய்வத்தைப் பெயர் சுட்டிக் கூறுகின்றன. அவள் முருகனின் தாய். அதே நேரத்தில் போர்க்களத்திற்கும் காட்டிற்கும் உரியவள். தாய்மையும் கொடுமையும் ஒருங்கே கொண்ட தெய்வமாக அவள் தோன்றுவது, ஆரிதி பற்றி மேலே கூறியதோடு ஒத்து நோக்கற்குரியது.

இரேணுகை கதை தமிழகத்தில் மாரியம்மன் வரலாறாக வழங்குகிறது. வெட்டுண்ட இரேணுகையின் தலை ஒடுக்கப்பட்ட குலப் பெண்ணின் உடலோடு மாறிப் பொருந்தியது என்பது பரவலான வடிவம். திருவண்ணாமலை மாவட்டம் படவேட்டு இரேணுகாம்பாள் கோயிலில் அம்மனின் தலையே முதன்மையாக வழிபடப்படுகிறது. வேலூர் மாவட்டம் குடியாத்தம் கெங்கையம்மன் கோயிலில் ஒவ்வோராண்டும் வைகாசி முதல் நாளன்று சிரசுத் திருவிழா நிகழ்கிறது. அம்மனின் சிரசு தெருக்களின் வழியே ஊர்வலமாகக் கொண்டுவரப்பட்டுக் கோயிலிலுள்ள உடலோடு பொருத்தப்படுகிறது. விழா முடிவில் சிரசு மீண்டும் பிரிக்கப்பட்டு, சலவைத்துறைக்குக் கொண்டுசெல்லப்படுகிறது.

ஆலம்பூரில் தலையில்லா உடல். படவேட்டில் உடலில்லாத் தலை. குடியாத்தத்தில் ஒரு நாள் மட்டும் இரண்டும் கூடுகின்றன. மூன்றையும் இணைப்பது இரேணுகை கதை. தலை ஒரு குலத்திற்கும் உடல் மற்றொரு குலத்திற்கும் உரியவை என்பதன்வழி, ஊரும் சேரியும் ஒரே தெய்வத்தில் பங்கு கொள்வதை இக்கதை ஏற்கிறது. அதே வேளையில் அப்பிரிவினையை நிலைநிறுத்தவும் செய்கிறது. வளமைக் கோட்பாடு ஒன்றையே கொண்டு நோக்குவோர்க்கு இச்சமூகப் பொருள் புலப்படுவதில்லை.

அவ்வாறே குடமும். தமிழகத்தில் அம்மன் கரகமாகத் தலைமேல் ஏறி வருகிறாள். தெலங்கானாவில் கடம் என்னும் அணிசெய்த குடம் அம்மனாகவே ஊர்வலம் வருகிறது. தாமரை செருகிய நிறைகுடத்தைத் தெய்வமாக வடித்த தக்காணச் சிற்பிகளின் கருத்து இவ்வழக்குகளோடு தொடர்புடையதாகலாம். இடைப்பட்ட நூற்றாண்டுகளுக்குரிய சான்றுகள் தொகுக்கப்படும்வரை இதனைக் கருதுகோளாகவே கொள்ளுதல் தகும்.

6. நீரில் மறைந்த தலங்கள்

இத்தலங்களின் அண்மைக்கால வரலாறு, ஆய்வாளர் கருத்தில் கொள்ளவேண்டிய மற்றொரு செய்தியாகும். நாகார்ச்சுனசாகர் அணைக்கு 1955 டிசம்பர் 10 அன்று சவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். பள்ளத்தாக்கு மூழ்குவதற்கு முன் இரா. சுப்பிரமணியம் தலைமையில் 1954 முதல் 1960 வரை பேரகழாய்வு நடைபெற்றது. நூற்றுக்கும் மேற்பட்ட இடங்கள் தோண்டப்பட்டன. முதன்மையான சில கட்டடங்கள் குன்றின் உச்சியிலும் ஆற்றின் கரையிலுள்ள அனுப்பு என்னுமிடத்திலும் மீண்டும் அமைக்கப்பட்டன. 1967இல் நீர் தேக்கப்பட்டபோது, விசயபுரி நீருக்கடியில் சென்றது. குன்றின் உச்சி தீவாயிற்று. அருங்காட்சியகம் அத்தீவில் உள்ளது. படகில் சென்றே அதனைக் காண இயலும்.

திருச்சைலம் அணைத் திட்டத்தாலும் கோயில்கள் பல இடம்பெயர்ந்தன. கூடலியிலிருந்த சங்கமேசுவரர் கோயில் கற்கள் பிரிக்கப்பட்டு ஆலம்பூரில் மீண்டும் கட்டப்பட்டது. ஆறுகள் கூடும் இடத்தால் பெயர்பெற்ற கோயில், கூடல் இல்லாத இடத்தில் இன்று நிற்கிறது.

பாசனத்திற்கும் மின்னாற்றலுக்கும் அணைகள் இன்றியமையாதன. அகழாய்வாளர் காலத்தோடு போட்டியிட்டுச் செய்த பணியும் போற்றத்தக்கது. எனினும் கற்களைப் பெயர்க்கலாம். துறையையும் வழியையும் பெயர்க்க இயலாது. எந்தப் படிக்கட்டில் எந்தத் திசையை நோக்கி வழிபட்டனர், ஊருக்கும் கோயிலுக்கும் எவ்வளவு தொலைவு, யார் எந்த எல்லைவரை வந்தனர் என்பன வழிபாட்டின் உயிர்க்கூறுகள். வாழும் தெய்வத்தின் நிலை வேறு. சோகுலாம்பா கோயில் 14ஆம் நூற்றாண்டில் அழிந்தபின், அம்மனின் உருவம் பாலபிரம்மா கோயிலில் வைத்து வழிபடப்பட்டது. 2005இல் பழைய இடத்தில் புதுக்கோயில் எழுந்தது. வழிபடுவோர் இருந்தமையால் தெய்வம் தன் இடத்திற்கு மீண்டது. அருங்காட்சியகத்துள் சென்ற உருவத்திற்கு அவ்வாய்ப்பு இல்லை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

ஒன்று: உருவத்தை மட்டும் கொண்டு வழிபட்டோரின் நோக்கத்தை வரையறுத்தல் அரிது. மால்ட்டாவின் நிலை இதற்குச் சான்று. கல்வெட்டு கிடைக்கும்போது நோக்கம் நாம் எண்ணியதினும் வேறாக இருத்தல் கூடும். கந்துவுலா மாதேவியின் கல்வெட்டு இதற்குச் சான்று.

இரண்டு: கிருஷ்ணைப் பள்ளத்தாக்கின் தாய்த்தெய்வ வழிபாட்டில், பிள்ளை பெறுதலோடு பெற்ற பிள்ளை பிழைத்திருத்தலும் கணவன் வாழ்தலும் ஊர் நோயின்றி இருத்தலும் முதன்மை பெறுகின்றன. காப்பு என்னும் சொல்லே வளமை என்பதினும் இதற்குப் பொருந்தும்.

மூன்று: தலையும் உடலும் பிரிந்த தெய்வம் பற்றிய கதை, பழஞ்சிற்பத்திற்கு மக்கள் தந்த விளக்கமாகவும் சமூகப் பிரிவினையின் பதிவாகவும் ஒருங்கே அமைகிறது. தெலங்கானா, தமிழகம் ஆகிய இரு நிலப்பகுதிகளின் வழக்குகளையும் சேர்த்துத் தொகுத்தாலன்றி இதன் முழு வடிவம் விளங்காது.

தலங்கள் பல நீரில் மறைந்துவிட்டன. அத்தலங்களைச் சார்ந்த பாடல்களும் விழாமுறைகளும் கதைகளும் இன்னும் மக்கள் நாவில் உள்ளன. எல்லம்மா கதையை இரவு முழுதும் பாடவல்லோர் எண்ணிக்கை குறைந்துவரும் இக்காலத்தில், அவற்றை வட்டார வேறுபாடுகளோடு பதிவு செய்வது அகழாய்விற்கு நிகரான பணியாகும். கல்லில் தன் பெயரையும் தன் பிள்ளை உயிரோடிருப்பதையும் பொறித்துச் சென்ற அரசிக்கு ஒரு கல்வெட்டேனும் வாய்த்தது. தலையில் போனம் சுமந்து வரும் பெண்களின் வேண்டுதலுக்கு அதுவும் இல்லை. அவர்களிடம் கேட்டு எழுதுவதே அதற்குரிய வழி.